வாசகர் கேள்விகள்: நோன்பு இருந்தாச்சு ஃபாதர், அப்புறம்?

உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தவக்காலம் தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்கள் வழக்கமாக எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்பது பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவை வேறு மாதிரி இருந்தன. வீடு, உறவு, நோய், சாவு, குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கே முழு இடமும் கொடுத்துவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

ஃபாதர், சின்ன வயதிலிருந்தே தவக்காலத்தில் அசைவம் தொடமாட்டேன். சீரியல் பார்க்கமாட்டேன், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை தவறமாட்டேன். ஆனால் உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அதே கோபம், அதே ஒப்பிட்டுப் பார்க்கிற புத்தி. இத்தனை நாள் விட்டதெல்லாம் எதற்கு? — ஒரு வாசகி

விட்டது வீண் என்று நான் சொல்லமாட்டேன் அம்மா. பிடித்ததை விடுவது லேசு இல்லை. ஆனால் சாம்பல் புதனன்று வாசிக்கிற நற்செய்தியை, அதாவது மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் பகுதியை, வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தர்மம், செபம், நோன்பு என்று மூன்றைப் பற்றியும் இயேசு பேசுகிறார். எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணி நேரம் செபிப்பது, எதைச் சாப்பிடாமல் இருப்பது என்று ஒரு வார்த்தை கிடையாது. மூன்று இடத்திலும் அவர் கவலைப்படுவது ஒரே விஷயத்துக்கு: இதையெல்லாம் யாருடைய கண்ணுக்காகச் செய்கிறாய்? மனிதர் பார்க்க வேண்டும் என்றா, மறைவில் உள்ளதைக் காண்கிற தந்தைக்காகவா? தவக்காலத்தின் முதல் நாளே திருச்சபை நம் முன்னால் வைப்பது பார்வையைப் பற்றிய கேள்வி. நாம்தான் அதைச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாகச் சுருக்கிக்கொண்டோம்.

லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் சீமோன் என்ற பரிசேயர் வீட்டு விருந்து வருகிறது, ஞாபகம் இருக்கும். ஊரே பாவி என்று சொல்கிற ஒரு பெண் உள்ளே வந்து, இயேசுவின் காலடியில் அழுது, கூந்தலால் துடைத்து, நறுமணத் தைலம் பூசுகிறார். சீமோன் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்த்துக்கொண்டே மனதுக்குள், இவர் இறைவாக்கினர் என்றால் இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று தெரிந்திருக்குமே என்று நினைக்கிறார். அப்போது இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டு சீமோனிடம் கேட்கிறார், "இவரைப் பார்த்தீரா?" கண் முன்னால் இருக்கிற ஆளைக் காட்டி இப்படி ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: நீர் கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, இவர் கண்ணீரால் நனைத்தார், நீர் முத்தமிடவில்லை, இவர் ஓயாமல் முத்தமிடுகிறார். சீமோனுக்கு அந்தப் பெண்ணின் பேர் கெட்ட கதை தெரியும். அவர் இப்போது, இந்த அறையில், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

நீங்கள் சொன்ன கோபமும் ஒப்பிடுகிற புத்தியும் இங்கேதான் இருக்கின்றன. நம்மைச் சுற்றியிருக்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் தீர்ப்பு எழுதி முடித்து வைத்திருக்கிறோம், அதற்கு மேல் அவர்களை நாம் பார்ப்பதே இல்லை. நோன்பு அந்த இடத்தைத் தொடவில்லையென்றால் பாஸ்கா முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆவதில் ஆச்சரியம் இல்லை. இந்த வருடம் உங்கள் வழக்கமான நோன்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, நீங்கள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, தினமும் ராத்திரி செபத்தில், அவரிடம் இன்று புதிதாக என்ன கண்டேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. புதிதாக இருந்தால் போதும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தாவில் இயேசு ஒரு பார்வையற்றவரைத் தொட்டபோது அவருக்கு மனிதர்கள் நடக்கிற மரங்களைப் போலத்தான் தெரிந்தார்கள். இரண்டாம் முறை கை வைத்த பிறகுதான் தெளிந்தது. இயேசு தொட்டவருக்கே இரண்டு முறை தேவைப்பட்டது என்றால் நீங்கள் ஒரு தவக்காலத்தில் தெளியவில்லை என்று மனம் உடைய வேண்டியது இல்லை.

40 நாள் என்கிறீர்கள், நான் காலண்டரில் எண்ணினால் 46 வருகிறதே? — ஒரு வாசகர்

சாம்பல் புதனிலிருந்து பெரிய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 சரிதான். நடுவில் ஆறு ஞாயிறுகள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு கிடையாது என்பதால் அவற்றைக் கழிக்க 40. இன்றைய திருவழிபாட்டு ஒழுங்கின்படி பெரிய வியாழன் மாலைத் திருப்பலியோடு தவக்காலம் முடிந்து பாஸ்கா முந்நாள் தொடங்கிவிடுகிறது, கீழைத் திருச்சபைகள் திங்கட்கிழமையே தொடங்கி வேறு விதமாக எண்ணுகின்றன. கி.பி. 325-இல் நடந்த நீசேயா பொதுச்சங்கத்தின் விதிகளிலேயே பாஸ்காவுக்கு முந்தைய இந்த நாற்பது பற்றிய குறிப்பு வந்துவிட்டது, ஆக எண்ணுகிற முறை இடத்துக்கு இடம் மாறினாலும் நாற்பது என்பது ரொம்பப் பழையது.

எனக்குப் பிடித்த நாற்பது இறைவாக்கினர் எலியாவினுடையது. உயிருக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர். வானதூதர் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகு, அந்த உணவின் பலத்தில் 40 பகலும் 40 இரவும் நடந்து ஓரேபு மலைக்குப் போகிறார். அங்கே போயும், உமக்கு உண்மையாக இருப்பவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்றுதான் புலம்புகிறார், அதுவும் இரண்டு முறை. அதற்குக் கடவுள், பாகால் என்ற பொய்த் தெய்வத்துக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இஸ்ரயேலில் இருக்கிறார்கள் என்கிறார். ஒன்று எங்கே, ஏழாயிரம் எங்கே! வேதனையில் இருக்கிறவனின் கணக்கு இவ்வளவு தூரம் தப்பாக முடியும். நாட்களை எண்ணுகிறபோது இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாதர், நான் காலேஜ் படிக்கிறேன். தவக்காலத்துக்காக இன்ஸ்டாகிராமை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன். மனசு அமைதியாகும் என்று பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அம்மாவோடு தினமும் சண்டை. சும்மா இருக்கும்போது என்னைப் பற்றியே அசிங்கமாகத் தோன்றுகிறது. திரும்பப் போட்டுவிடலாமா? — ஒரு மாணவர்

இப்போதைக்குப் போடாதே தம்பி. எரிச்சல் புதிதாக வந்தது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது முன்பே உள்ளே இருந்தது என்றுதான் படுகிறது. அது தலை தூக்கும்போதெல்லாம் கை ஃபோனுக்குப் போய்விடும், அதனால் உனக்கும் அதற்கும் நேருக்கு நேர் சந்திப்பே நடந்ததில்லை. இப்போது நடக்கிறது. பாலைநிலம் என்று விவிலியம் சொல்கிற இடம் இதுதான், அங்கே போனவுடன் யாருக்கும் அமைதி கிடைத்ததாக நான் வாசித்தது இல்லை.

எகிப்திலிருந்து விடுதலையாகி வந்த மக்களைப் பார். எண்ணிக்கை 11-ஆம் அதிகாரத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். எகிப்தில் செலவில்லாமல் சாப்பிட்ட மீன் ஞாபகம் வருகிறது, வெள்ளரிக்காய், கொம்மட்டி, வெங்காயம், பூண்டு எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அங்கே சாட்டையடி வாங்கிக்கொண்டு செங்கல் அறுத்தது மட்டும் ஞாபகம் வரவில்லை. விட்டு வந்த பொருள் தூரத்தில் இருக்கும்போது எப்போதும் அழகாகத்தான் தெரியும். நீ இரண்டு மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு ஃபோனைக் கீழே வைக்கும்போது மனசு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார், அப்புறம் முடிவு செய்.

கை ஃபோனைத் தேடுகிற நேரத்தைக் கவனி. அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? யாராவது ஏதாவது சொன்னார்களா, படிக்க உட்கார்ந்ததும் பயம் வந்ததா, தனியாக இருப்பதுபோல் தோன்றியதா? ஒரு வாரம் கவனித்தால் உனக்கே ஒரு ஒழுங்கு பிடிபடும். உன்னைப் பற்றி நீ தெரிந்துகொள்கிற உண்மையான செய்தி அது, எந்தத் திரையும் காட்டாதது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எசாயா 58-ஆம் அதிகாரம் சாம்பல் புதன் கழித்து வரும் வெள்ளியன்று திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. நோன்பு இருந்துகொண்டே சண்டை போடுகிறீர்கள் என்று ஆண்டவர் அதில் நேராகவே சொல்கிறார். உன் நோன்புக்கு உன் அம்மா ஏன் விலை கொடுக்க வேண்டும்? இன்றைக்கே போய், இதை விட்டதிலிருந்து எனக்கு எரிச்சலாக வருகிறது, உங்கள் மேல் கொட்டிவிட்டேன், மன்னிச்சிடுங்கம்மா என்று சொல். காரணம் தெரிந்தால் அவர்களும் உன்னைப் புரிந்துகொள்வார்கள். இன்னொன்று, கவனமாகக் கேள்: தன்னைப் பற்றிய அந்த அசிங்கமான எண்ணம் குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அதைத் தவக்காலத்தின் சோதனை என்று பொறுத்துக்கொண்டு உட்காராதே. வீட்டில் சொல்லி டாக்டரைப் பார்.

எங்கள் அப்பா காலமான பிறகு வீட்டைப் பங்கு போட்டதில் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாம்பல் பூசும்போது "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்றார்கள். மனம் மாற வேண்டியது அவன்தானே ஃபாதர்? நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்? — ஒரு மூத்த சகோதரி

உங்கள் பங்கைக் கேட்பது பாவம் இல்லை, இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மன்னிக்கிறேன் என்பதற்கு உரிமையை விட்டுவிடுகிறேன் என்று அர்த்தம் கிடையாது. பெண்பிள்ளைதானே, விட்டுக்கொடுத்துப் போ, தவக்காலம் வேறு என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை நற்செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தால் பாருங்கள்.

அதைத் தனியாக வைத்துவிட்டு ஊதாரி மகன் கதையை எடுங்கள், லூக்கா 15. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியாக வருகின்றன, அதில் மூன்றாம் ஆண்டு திருவழிபாட்டில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு வருகிற வாசகம். அந்தக் கதையே பாகப்பிரிவினையில்தான் தொடங்குகிறது, தம்பி தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அழிக்கிறான், வெறுங்கையோடு திரும்பி வந்ததும் அப்பா அவனுக்கு விருந்து வைக்கிறார். அண்ணன் கோபம் நியாயமான கோபம். அவன் அப்பாவிடம் சொல்கிறான்: விலைமகளிரோடு சேர்ந்து உம் சொத்தையெல்லாம் அழித்த இந்த உம் மகன்! இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதுவரை கதையில் விலைமகளிர் என்ற பேச்சே இல்லை. தம்பி தாறுமாறாக வாழ்ந்து பணத்தைத் தொலைத்தான் என்றுதான் இருக்கிறது. அண்ணன் இன்னும் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வயலிலிருந்து வந்து வாசலில் வேலைக்காரனிடம் விசாரித்ததோடு சரி. பின்னே அவனுக்கு எப்படித் தெரிந்தது? பேச்சு இல்லாத வருடங்களில் அவனே நிரப்பிக்கொண்டான்.

நீங்கள் எத்தனையோ வருடமாகத் தம்பியைப் பார்க்காமல் இருக்கிறீர்கள். இன்று அவனைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதில் நீங்கள் கண்ணால் கண்டது எவ்வளவு, சொந்தக்காரர்கள் வந்து சொன்னது எவ்வளவு, ராத்திரி தூக்கம் வராமல் நீங்களே சேர்த்துக்கொண்டது எவ்வளவு? ஒரு தாள் எடுத்து, அவன் செய்ததை மட்டும், தேதி, கையெழுத்து, பணம் என்று நடந்தபடி எழுதுங்கள். வர்ணனை வேண்டாம். அவன் செய்தது அநியாயம் என்றால் அந்தத் தாளிலும் அநியாயமாகத்தான் இருக்கும், ஒன்றும் குறையாது. ஆனால் அந்த அநியாயத்தைச் சுற்றி வளர்ந்த மற்றதெல்லாம் தாளுக்கு வெளியே நின்றுவிடும். அதற்கு அப்புறம், சண்டைக்கு முந்தைய காலத்தில் அவனைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதையும் எழுதுங்கள். அவனும் அந்த ஆள்தானே, நீங்கள் தூக்கி வளர்த்த அந்தத் தம்பியும்?

கதையில் அப்பா என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். மூத்தவனின் பங்கை எடுத்துச் சின்னவனுக்குக் கொடுத்துவிடவில்லை, என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்று உறுதி சொல்கிறார். இளையவன் செய்தது சரி என்றும் சொல்லவில்லை. "உம் மகன்" என்று மூத்தவன் தள்ளி வைத்ததை "உன் தம்பி" என்று திருப்பிக் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லாமலே கதையை நிறுத்திவிடுகிறார்.

கீழைத் திருச்சபைகளில் தவக்காலம் முழுவதும் வார நாட்களில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சொல்கிற ஒரு சின்ன செபம் இருக்கிறது, 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிரியத் திருத்தொண்டர் புனித எப்ரேம் எழுதியது என்று வழிவழியாக நம்பப்படுவது. என் குற்றங்களை நான் காணவும், என் சகோதரனைத் தீர்ப்பிடாமல் இருக்கவும் வரம் தாரும் என்று அதில் ஒரு வேண்டுதல் வருகிறது. அதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதாமல், அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு நாலு வரி மெசேஜ் அனுப்ப முடியுமா என்று யோசியுங்கள். பதில் வராமல் போகலாம். அதை மனதில் வைத்துக்கொண்டே அனுப்புங்கள். இறங்கிப் போவதாக இதை நினைக்காதீர்கள், வழக்கு வழக்காக இருக்கட்டும், தம்பி தம்பியாக இருக்கட்டும்.

எனக்கு வயது 67. இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். டாக்டர் நோன்பு கூடவே கூடாது என்கிறார். சிறு வயதிலிருந்து விடாமல் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு) இருந்தவன், இப்போது மனசு உறுத்துகிறது. — ஒரு பெரியவர்

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். திருச்சபைச் சட்டப்படியும் ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி 59-ஆவது பிறந்தநாளோடு முடிந்துவிடுகிறது, அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாளுக்குத்தான். நோயாளிக்கு எந்த வயதிலும் கட்டாயம் இல்லை. உங்களுக்கு அந்தக் கடமை தீர்ந்து வருடக்கணக்கில் ஆகிறது.

ஆனாலும் உறுத்துகிறது என்கிறீர்கள், அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடும் மருந்தும் எடுத்து வைக்கிறவர் யார்? மனைவியா, மருமகளா, மகளா? அவர் சாப்பிட்டாரா என்று நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? பல காலம் கொடுத்தே பழகிய கை, வாங்கிக்கொள்கிற இடத்துக்கு வரும்போது கூச்சப்படுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்தத் தட்டை வாங்கும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வயதில் பசியைவிட இது கஷ்டமான நோன்பு என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. தவக்காலப் பிரசங்கம் முழுக்கப் பாவம், பாவம் என்றே போகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி எங்களைப் பார்ப்பார்கள். முன்னோர் செய்த பாவம் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்த நாட்களில் கோவிலுக்குப் போகவே பிடிக்கவில்லை ஃபாதர். — ஒரு தாய்

உங்களிடம் அப்படிச் சொன்னது தவறு அம்மா. மனது ஆறுவதற்காக இதைச் சொல்லவில்லை, இயேசுவே இதற்குப் பதில் சொல்லிவிட்டார் என்பதால் சொல்கிறேன்.

யோவான் 9-ஆம் அதிகாரம். முதலாம் ஆண்டில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று வாசிக்கப்படுவது, ரொம்ப நீளமான வாசகம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்கிறார்கள்: ரபி, இவர் பார்வையற்றவராகப் பிறந்தது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா? உங்களிடம் கேட்ட அதே கேள்வி. கேட்டவர்கள் கெட்டவர்கள் கிடையாது, இயேசுவோடே நடந்துகொண்டிருந்தவர்கள். அவர் சொன்ன பதில்: "இவர் செய்த பாவமும் அல்ல, இவர் பெற்றோர் செய்த பாவமும் அல்ல." இதைவிட நேராக எப்படிச் சொல்வது? அடுத்த முறை யாராவது முன்னோர் பாவம் என்று ஆரம்பித்தால் யோவான் 9:3-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த அதிகாரத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது அடுத்து வருகிற பகுதி. அவர் சிலோவாம் குளத்தில் கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்பி வருகிறார். அக்கம்பக்கத்தார், இங்கே உட்கார்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர் இவர்தானே என்கிறார்கள். சிலர் ஆம் என்கிறார்கள், சிலர் இல்லை, அவரைப் போல இருக்கிறார் என்கிறார்கள். தினமும் கடந்து போனவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை! ஏனென்றால் அவர்கள் இத்தனை காலம் பார்த்தது அந்தக் குறையையும் நீட்டிய கையையும்தான், அந்த இரண்டும் போனதும் இவர் யார் என்றே அவர்களால் சொல்ல முடியவில்லை. கண் தெரியாதவர் ஒருவர்தான் என்று நினைத்து வாசிக்கத் தொடங்குகிறோம், போகப் போகத் தெருவில் எத்தனை பேருக்குக் கண் தெரியவில்லை என்பது வெளியாகிறது. அந்த மனிதரோ இயேசுவை முதலில் "இயேசு எனப்படுபவர்" என்கிறார், அப்புறம் இறைவாக்கினர் என்கிறார், கடைசியில் "ஆண்டவரே, நம்பிக்கை கொள்கிறேன்" என்று வணங்குகிறார்.

அன்றைய முதல் வாசகமும் இதோடு சேர்ந்ததுதான். ஈசாயின் பிள்ளைகளில் யாரை அரசராகத் திருப்பொழிவு செய்வது என்று இறைவாக்கினர் சாமுவேல் தேடும்போது, மூத்தவனின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்க்காதே, மனிதர் முகத்தைப் பார்க்கின்றனர், ஆண்டவரோ அகத்தைப் பார்க்கின்றார் என்று கடவுள் சொல்கிறார்.

உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்காருங்கள். அவன் திருமுழுக்குப் பெற்றவன், அந்த இடம் அவனுடையது. சத்தம் போட்டால் போடட்டும். உங்கள் பங்குத்தந்தையிடம் நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள், அடுத்த பிரசங்கத்துக்கு அவருக்குத் தேவைப்படும். பெஞ்சில் திரும்பிப் பார்க்கிற நாம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்: அந்தக் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பூசை முடிந்ததும் போய்ப் பேசுங்கள், பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுங்கள்.

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. சாம்பல், ஊதா நிறம், துக்கப் பாடல்கள். என்னிடம் ஏற்கெனவே இருக்கிற துக்கம் போதாதா ஃபாதர்? — ஒரு வாசகர்

போதும் சகோதரரே. மண்ணுக்குத் திரும்புவாய் என்று உங்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை, நீங்கள் கல்லறை வரை போய்விட்டு வந்திருக்கிறீர்கள். இந்த வருடம் கூடுதலாக எந்தத் தவமும் எடுக்க வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள், கூப்பிடுகிறவர்களின் ஃபோனை எடுங்கள்.

ஐந்தாம் ஞாயிறு வாசகமாக வருகிற லாசர் நிகழ்ச்சியில், இறந்துபோன லாசரின் சகோதரி மார்த்தா இயேசுவை எதிர்கொண்டு போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்கிறார். அதே வார்த்தையை மரியாவும் வந்து சொல்கிறார். இருவரையும் இயேசு கடிந்துகொள்ளவில்லை, கல்லறைக்குப் போகிற வழியில் அவரே அழுகிறார். உங்கள் மனதில் கடவுள் மேல் அப்படி ஒரு மனக்குறை இருந்தால் அதையே செபமாகச் சொல்லுங்கள். சிலுவைப்பாதை தாங்க முடியவில்லையென்றால் இந்த வருடம் போகாதீர்கள், பெரிய சனி இரவு நடக்கிற பாஸ்கா திருவிழிப்புக்கு மட்டும் வந்து இருட்டில் மெழுகுவர்த்தி பிடித்து நில்லுங்கள். முடிந்தால் யாரையாவது துணைக்கு அழைத்து வாருங்கள்.

பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, இருபது வருடம் இருக்கும். போக வேண்டும் என்று ஒவ்வொரு தவக்காலமும் நினைப்பேன். சாமியார் என்ன நினைப்பாரோ என்று வாசல் வரை வந்து திரும்பிவிடுவேன். — ஒரு வாசகி

சாமியார் என்ன நினைப்பார் என்று நான் சொல்கிறேன். சந்தோஷப்படுவார். பல வருடம் கழித்து வருகிற ஒருவர் அந்த இடத்தில் முழந்தாளிடும்போது குருவானவனாகிய எனக்குள் எழுவது நன்றி மட்டும்தான், இதை மனதார எழுதுகிறேன். நீங்கள் சொல்கிற எதுவும் அங்கிருந்து வெளியே போகாது, அந்த இரகசிய முத்திரையை உடைக்க எந்தக் குருவுக்கும் எந்தக் காரணத்துக்காகவும் அதிகாரம் கிடையாது.

இருபது வருடத்துப் பாவத்தையும் தேதி வாரியாகத் தேடி எடுக்க முயற்சி செய்ய வேண்டாம், அந்தப் பயத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். பாரமாக அழுத்துகிறவற்றை மறைக்காமல் சொன்னால் போதும், உண்மையிலேயே மறந்துபோனவையும் மன்னிக்கப்படுகின்றன. தயாரிக்கும்போது, நான் என்னென்ன தப்பு செய்தேன் என்பதோடு, இத்தனை வருடம் யாரையெல்லாம் பார்க்காமல் கடந்து போனேன் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லூக்கா 16-இல் வருகிற செல்வர் லாசர் என்ற ஏழையை (மேலே சொன்ன லாசர் வேறு) அடித்தார் என்றோ விரட்டினார் என்றோ எழுதியிருக்கவில்லை, அவர் வாசலிலேயே லாசர் கிடந்தார் என்றுதான் இருக்கிறது.

பங்குக் குருவிடம் கூச்சமாக இருந்தால் வேறு கோவிலுக்குப் போங்கள், தவக்காலத்தில் பல பங்குகளில் ஒப்புரவு வழிபாட்டுக்கு வெளியிலிருந்து குருக்களை வரவழைப்பார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "ஃபாதர், ரொம்ப வருஷம் ஆச்சு, எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் அவர் கேட்டுக் கேட்டு அழைத்துப் போவார்.